பாதகமான குழந்தைப் பருவ அனுபவங்களும் வளர்ந்தோர் நலனும்

பதினெட்டு வயது நிறைவதற்கு முன் ஒருவர் தம் வீட்டிலோ வாழும் சூழலிலோ எதிர்கொள்ளும் கொடுமை, புறக்கணிப்பு, குடும்பச் சீர்குலைவு போன்றவை பாதகமான குழந்தைப் பருவ அனுபவங்கள் எனப்படுகின்றன. இவற்றின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆய்வாளர்கள் சுருக்கமாக ‘ஏஸ்’ என்பர். இளமையில் பட்ட துன்பம் மனத்தில் வடுவாக நிற்கும் என்பது எல்லாரும் அறிந்ததே. அந்த வடு பல பத்தாண்டுகள் கழித்து மனச்சோர்வாகவும் குடிப்பழக்கமாகவும் இதயநோயாகவும் வெளிப்படக்கூடும் என்பதைப் பெரிய அளவில் எண்ணிக் காட்டியது 1990களில் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு.

அந்த ஆய்வு தந்த மதிப்பெண் முறை இன்று இணையத்தில் எங்கும் கிடைக்கிறது. பத்துக் கேள்விகளுக்கு விடையளித்துத் தம் எண்ணைக் கண்டறிந்தபின், தம் வாழ்க்கை ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று அஞ்சுவோரும் உண்டு. அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆய்வு பிறந்த விதம்

1980களில் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில், கைசர் பெர்மனென்டே என்னும் மருத்துவ அமைப்பின் நோய்த்தடுப்புப் பிரிவை மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி நடத்திவந்தார். அங்கு மிகை உடல் பருமன் உள்ளவர்களுக்கான எடைக்குறைப்புத் திட்டம் ஒன்று இருந்தது. அதில் ஒரு புதிர் எழுந்தது. எடை குறையாமல் சலித்துப்போனவர்கள் விலகினால் அதில் வியப்பில்லை. ஆனால் நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பலர் பாதியில் நின்றுவிட்டனர்.

காரணம் அறிய அவர்களிடம் விரிவாகப் பேசியபோது, பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கோ வேறு வன்முறைக்கோ ஆளானவர்கள் என்று தெரியவந்தது. சிலருக்குப் பருத்த உடல் பிறர் பார்வையிலிருந்து காக்கும் கவசமாக இருந்தது. சிலருக்கு உணவு மனவேதனையைத் தணிக்கும் மருந்தாக இருந்தது. மருத்துவர் நோயாகக் கண்டது, நோயாளிக்கு ஒரு வகையில் தீர்வாக இருந்தது.

இந்தக் கவனிப்பைச் சோதித்துப் பார்க்க, அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆண்டா ஃபெலிட்டியுடன் இணைந்தார். 1995 முதல் 1997 வரை, கைசர் அமைப்பில் உடற்பரிசோதனைக்கு வந்தவர்களுக்கு வினாத்தாள்கள் அஞ்சலில் அனுப்பப்பட்டன. இரண்டு கட்டங்களில் 17,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். முதல் கட்டத்தின் 9,508 பேரைப் பற்றிய முடிவுகள் 1998இல் வெளியாயின.

பங்கேற்றவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் வெள்ளையர்; ஏறக்குறைய அதே அளவினர் கல்லூரியில் கால்வைத்தவர்கள்; எல்லாரும் மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள். ஏழ்மையோடு மட்டுமே சேர்த்துப் பேசப்பட்டுவந்த துன்பங்கள் நடுத்தர வர்க்க வீடுகளிலும் பரவலாக இருந்தன என்பதை இது காட்டியது.

பத்து வகைகள்

முதல் கட்டுரையில் ஏழு வகைகளே இருந்தன. பின்னர் அவை பத்தாக விரிந்தன. அவற்றை மூன்று தொகுதிகளாகப் பார்க்கலாம்.

கொடுமை: உடல்ரீதியான கொடுமை, பாலியல் கொடுமை, சொல்லாலும் மிரட்டலாலும் இழைக்கப்படும் உணர்வுரீதியான கொடுமை.

புறக்கணிப்பு: உணவு, உடை, மருத்துவம் முதலியவை கிடைக்காமல் போதல், அன்பும் ஆதரவும் கிடைக்காமல் போதல்.

குடும்பச் சீர்குலைவு: தாய் அடித்துத் துன்புறுத்தப்படுதல், வீட்டில் குடி அல்லது போதைக்கு அடிமையானவர் இருத்தல், வீட்டில் ஒருவர் மனநோயால் பாதிக்கப்பட்டிருத்தல் அல்லது தற்கொலைக்கு முயன்றிருத்தல், பெற்றோர் பிரிதல், வீட்டில் ஒருவர் சிறை செல்லுதல்.

ஒவ்வொரு வகைக்கும் ஒரு மதிப்பெண். மொத்தம் பூச்சியத்திலிருந்து பத்து வரை வரும். ஒருமுறை அடிபட்டவருக்கும் பத்து ஆண்டுகள் நாள்தோறும் அடிபட்டவருக்கும் அந்த வகைக்கு ஒரே மதிப்பெண்தான். இந்த எளிமை முறையின் பலம். பின்னர் பார்க்கவிருப்பதுபோல, அதன் குறையும் அதுவே.

கண்டறியப்பட்டவை

முதல் முடிவு, இவை எவ்வளவு பரவலானவை என்பது. பங்கேற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் குறைந்தது ஒரு வகை அனுபவமாவது இருந்ததாகக் கூறினர். எட்டில் ஒருவருக்கு நான்கு அல்லது அதற்கு மேல் இருந்தது. இவை தனித்தனியாக வருவதும் குறைவு. தந்தை குடிக்கும் வீட்டில் தாய் அடிபடுவதும், அதே வீட்டில் குழந்தை அடிபடுவதும் சேர்ந்தே நிகழ்ந்தன.

இரண்டாவது முடிவு, மதிப்பெண் ஏற ஏறப் பாதிப்பும் படிப்படியாக ஏறியது என்பது. ஏதும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், நான்கு அல்லது அதற்கு மேல் உள்ளவர்களிடம் குடிக்கு அடிமையாதல், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு வரை அதிகமாக இருந்தது. புகைப்பழக்கம், இதயநோய், பக்கவாதம் ஆகியவற்றுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீண்டகால நுரையீரல் நோய்க்கு ஏறக்குறைய நான்கு மடங்கு.

பிற நாடுகளிலும் இத்தகைய ஆய்வுகள் தொடர்ந்தன. 37 ஆய்வுகளையும் இரண்டரை லட்சம் பேரையும் உள்ளடக்கி 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, எந்தப் பாதிப்போடு தொடர்பு வலுவானது என்று வரிசைப்படுத்தியது. உடற்பயிற்சியின்மை, உடல் பருமன், நீரிழிவு ஆகியவற்றோடு தொடர்பு மெலிதாக இருந்தது. புகை, இதயநோய், புற்றுநோய், நுரையீரல் நோய் ஆகியவற்றோடு அது நடுத்தரமானது. மனநலச் சிக்கல்களோடும் குடியால் வரும் சிக்கல்களோடும் வலுவாக இருந்தது. போதைப்பொருள் சிக்கல், பிறர்மீதும் தன்மீதும் நிகழ்த்தும் வன்முறை ஆகியவற்றோடு மிக வலுவாக இருந்தது. மிக வலுவான இந்தத் தொடர்புகளில் ஒரு சுழற்சி தெரிகிறது. இன்றைய குடியும் வன்முறையும் மனவேதனையுமே அடுத்த தலைமுறைக் குழந்தைகளின் பாதக அனுபவங்களாகின்றன.

எண்களை எப்படிப் படிப்பது

‘பன்னிரண்டு மடங்கு’ என்ற சொல் அச்சமூட்டும். 1998 ஆய்வின் எண்களையே சற்று நெருங்கிப் பார்க்கலாம். மதிப்பெண் பூச்சியமாக உள்ளவர்களில் வாழ்நாளில் எப்போதாவது தற்கொலைக்கு முயன்றவர்கள் நூற்றுக்கு 1.2 பேர். நான்கு அல்லது அதற்கு மேல் உள்ளவர்களில் அது 18.3 பேர். வேறுபாடு மிகப் பெரிது, கவலைக்குரியது. அதே வேளையில், நான்குக்கு மேல் மதிப்பெண் உள்ள நூறு பேரில் எண்பதுக்கும் மேற்பட்டோர் ஒருபோதும் அம்முயற்சியில் இறங்கவில்லை என்பதும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்த மனச்சோர்வைக் கேட்டபோது, பூச்சிய மதிப்பெண் உள்ளவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேரும், நான்குக்கு மேல் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரும் ஆம் என்றனர். இங்கும் மறுபாதி இருக்கிறது. துன்பமில்லாத குழந்தைப் பருவம் வாய்த்தவர்களுக்கும் மனச்சோர்வு வந்திருக்கிறது.

ஆகவே இந்த மதிப்பெண் ஒரு கூட்டத்தைப் பற்றிய அளவு. ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால் அவர்களில் எத்தனை பேருக்கு உதவி தேவைப்படலாம் என்று திட்டமிட அது பயன்படும். அந்த ஆயிரம் பேரில் இவருக்கு நோய் வரும், அவருக்கு வராது என்று பிரித்துச் சொல்ல அதனால் இயலாது. பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் பிறப்பு முதல் பின்தொடரப்பட்ட குழுக்களின் தரவுகளைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வு இதை உறுதிசெய்தது. முறையை உருவாக்கிய ஆண்டாவும் வேறு இருவரும் 2020இல் எழுதிய கட்டுரையில், தனிமனிதரின் எதிர்காலத்தைக் கணிக்க இந்த எண்ணைப் பயன்படுத்துவது தவறு என்று எச்சரித்தனர்.

பாதிப்பு உண்டாகும் வழிகள்

சிறுவயதில் நடந்து முடிந்த நிகழ்வு நாற்பது வயதில் எப்படி நோயாகிறது? ஒன்றோடொன்று பின்னிய மூன்று வழிகளை ஆய்வாளர்கள் காட்டுகின்றனர்.

முதலாவது, உடலின் அபாய எதிர்வினை. ஆபத்தைக் கண்டதும் மூளை அட்ரீனலின், கார்டிசால் ஆகிய சுரப்புநீர்களைச் சுரக்கச் செய்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கும். இரத்தத்தில் சர்க்கரை ஏறும். உடல் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகும். ஆபத்து நீங்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். தெருநாய் துரத்தினால் இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும். ஆனால் குழந்தை அஞ்சும் ஆள் ஒவ்வொரு மாலையும் வீடு திரும்பும் தந்தையாக இருந்தால், இந்த எச்சரிக்கை மணி ஓய்வதே இல்லை. அச்சத்தை உணரும் அமிக்டலா, நினைவைக் கையாளும் ஹிப்போகாம்பஸ், சிந்தித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி ஆகியவை வளரும் பருவத்தில் இந்த நிலைக்கு ஏற்பவே தம்மை அமைத்துக்கொள்கின்றன. சிறு ஒலிக்கும் திடுக்கிடுதல், பிறர் முகத்தில் கோபத்தைத் தேடுதல், உறக்கமின்மை ஆகியவை ஆபத்தான வீட்டில் வளர்ந்த குழந்தையின் தற்காப்புத் திறன்கள். வீடு மாறியபின்னும் அவை தொடரும்போது சுமையாகின்றன.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வளரும் குழந்தை மையம் மன அழுத்தத்தை மூன்றாகப் பிரிக்கிறது. பள்ளியின் முதல் நாள், தடுப்பூசி போன்றவை தருவது வளர்ச்சிக்கு உதவும் அழுத்தம். நெருங்கியவரின் இறப்பு, விபத்து போன்றவை தருவது, அருகில் ஆதரவான பெரியவர் இருந்தால் தாங்கிக்கொள்ளக்கூடிய அழுத்தம். ஆதரவு ஏதுமின்றி நீண்டகாலம் தொடர்வது நச்சு அழுத்தம். இரண்டாம் வகையை மூன்றாம் வகையிலிருந்து பிரிப்பதில் நிகழ்வின் கடுமைக்குப் பங்கு உண்டு. அந்த நேரத்தில் குழந்தையின் கையைப் பற்றியிருக்க யாராவது இருந்தார்களா என்பதற்கும் பெரும் பங்கு உண்டு.

இரண்டாவது வழி பழக்கங்கள். புகையும் குடியும் அளவுக்கு மீறிய உணவும் மனவேதனையைச் சிறிது நேரம் மறக்கச் செய்கின்றன. அவற்றின் விலையை உடல் பிறகு கொடுக்கிறது. ‘புகை உடல்நலத்துக்குக் கேடு’ என்று ஒருவரிடம் சொல்வது போதாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது வழி சமூக வாழ்க்கை. வீட்டில் நிம்மதி இல்லாத குழந்தை வகுப்பில் கவனம் செலுத்த இயலாது. படிப்பு தடைப்பட்டால் நல்ல வேலை கிடைப்பது கடினம். வருமானம் குறைந்தால் மருத்துவமும் நல்ல உணவும் குறையும். பிறரை நம்பக் கற்றுக்கொள்ளாதவருக்கு நட்பும் இல்லறமும் எளிதில் அமைவதில்லை. தனிமையும் நோய்க்கு வழி.

ருமேனியாவின் சான்று

மேற்கண்ட ஆய்வுகள் தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, காரணத்தை உறுதியாக நிறுவுவதில்லை என்ற எதிர்ப்பு நியாயமானது. ஏழ்மையும் மரபணுக்களும் இரண்டுக்கும் பொதுவான காரணங்களாக இருக்கலாம். குழந்தைகளைத் துன்பத்தில் வைத்துச் சோதிப்பது அறமும் ஆகாது. ஆனால் துன்பத்தில் இருக்கும் குழந்தைகளை மீட்டால் என்ன நடக்கும் என்று பார்க்கலாம். ருமேனியாவில் அது நடந்தது.

மக்கள்தொகையைப் பெருக்க விரும்பிய சௌஷெஸ்குவின் ஆட்சி 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்தது. வளர்க்க வழியற்ற பெற்றோர் குழந்தைகளை அரசு இல்லங்களில் விட்டனர். 1989இல் ஆட்சி வீழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கு இருந்தனர். உணவும் இடமும் இருந்தன. தூக்கிக் கொஞ்சவும் பேசவும் ஆள் இல்லை.

2000இல் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் புக்கரெஸ்ட் நகரில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். இல்லங்களில் இருந்த இரண்டரை வயதுக்கு உட்பட்ட 136 குழந்தைகளில் பாதிப்பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். அந்நகரில் அப்போது வளர்ப்புக் குடும்ப ஏற்பாடு பெயரளவுக்கே இருந்ததால், ஆய்வுக் குழுவே அதை உருவாக்க வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு வழக்கமான பராமரிப்பு தொடர்ந்தது. அவர்களுக்குக் குடும்பம் கிடைத்தால் தடுக்கப்படவில்லை.

குடும்பத்துக்குச் சென்ற குழந்தைகளின் அறிவுத்திறன், மொழி, பிறரோடு பிணையும் ஆற்றல் ஆகியவை இல்லத்தில் தங்கியவர்களைவிட மேம்பட்டன. பல திறன்களில், இரண்டு வயதை ஒட்டியோ அதற்கு முன்போ சென்றவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. கவனக்குறைவுச் சிக்கல் போன்ற சில மட்டும் எளிதில் மாறவில்லை.

பிரிட்டனில் தத்தெடுக்கப்பட்ட 165 ருமேனியக் குழந்தைகளை மைக்கேல் ரட்டரின் குழு வளர்ந்த வயது வரை பின்தொடர்ந்தது. ஆறு மாதத்துக்கும் குறைவாக இல்லத்தில் இருந்தவர்கள் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தனர். அதற்கு மேல் இருந்தவர்களிடம் சிக்கல்கள் நீடித்தன. ஆயினும் அவர்களிலும் ஐந்தில் ஒருவர் எந்தக் கட்டத்திலும் குறிப்பிடத்தக்க சிக்கல் இல்லாமல் வளர்ந்தார்.

குழந்தைப் பருவத் துன்பம் உண்மையாகவே பாதிக்கிறது, விரைவில் கிடைக்கும் அன்பு பெருமளவு ஈடுசெய்கிறது, எல்லாருக்கும் பாதிப்பு ஒரே அளவில் இருப்பதில்லை என்ற மூன்றையும் இவ்வாய்வுகள் உறுதிசெய்கின்றன.

பட்டியலில் இடம்பெறாதவை

சான் டியேகோவின் காப்பீடு பெற்ற மக்களுக்காக எழுதப்பட்ட பட்டியலில் போர், இடப்பெயர்வு, வறுமை, சாதி இழிவு, குழந்தைத் தொழில், குழந்தைத் திருமணம், பள்ளியில் கேலியும் அடியும் ஆகியவை இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் பல நாடுகளுக்குப் பொருந்துமாறு உருவாக்கிய வினாத்தாளில் சக மாணவரின் கொடுமை, தெருவில் காணும் வன்முறை, போர் முதலிய கூட்டு வன்முறை ஆகியவை சேர்க்கப்பட்டுள்ளன.

இது ஏன் தேவை என்பதற்கு இலங்கை ஓர் எடுத்துக்காட்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கு இலங்கையில் 296 தமிழ்ப் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. போரையும் பேரலையையும் கண்ட அக்குழந்தைகளின் மனநலத்தை வீட்டுக்குள் நடந்த வன்முறையும் சேர்ந்து பாதித்திருந்தது. தந்தையின் குடிப்பழக்கம் இருந்த வீடுகளில் அவ்வன்முறை கூடுதலாக இருந்தது. வெளியே பெருந்துயரம் நிகழும்போது உதவிகள் அதை மட்டுமே நோக்கிச் செல்லும். வீட்டுக்குள் நிகழ்வது கண்ணில் படாமல் போகும்.

இந்தியாவில் மகளிர், குழந்தைகள் நல அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, கேரளம், ஆந்திரம் உள்ளிட்ட 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டறிந்தது. மூவரில் இருவர் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். பாதிக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமையைக் குறிப்பிட்டனர்; ஆண் குழந்தைகளும் பெண் குழந்தைகளும் ஏறக்குறைய சம அளவில் இருந்தனர். இது பெண் பிள்ளைகளுக்கு மட்டுமே உள்ள ஆபத்து என்ற எண்ணத்தை அந்த எண்கள் தகர்த்தன.

நினைவும் பதிவும்

வளர்ந்தவர்களிடம் சிறுவயதைப் பற்றிக் கேட்டால் கிடைக்கும் விடை எவ்வளவு நம்பகமானது? குழந்தைப் பருவத்திலேயே செய்த பதிவுகளையும் வளர்ந்தபின் கூறியவற்றையும் ஒப்பிட்ட 16 ஆய்வுகளின் தொகுப்பு 2019இல் வெளியானது. பதிவில் கொடுமைக்கு ஆளானவர்களாக இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பின்னாளில் அதைக் குறிப்பிடவில்லை. பின்னாளில் குறிப்பிட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பழைய பதிவு இல்லை.

யாரோ பொய் சொல்கிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. வீட்டில் நடந்தவை பெரும்பாலும் எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை. மிகச் சிறுவயதில் நடந்தவை நினைவில் நிற்பதில்லை. ‘அடித்து வளர்ப்பதுதான் வளர்ப்பு’ என்று நம்புபவர் தமக்கு நடந்ததைக் கொடுமை என்று பெயரிடுவதும் இல்லை.

அமெரிக்க நீதிமன்றப் பதிவுகளில் கொடுமைக்கு ஆளானவர்களாக இடம்பெற்ற குழந்தைகளையும் அவர்களோடு ஒப்பிடத்தக்க பிறரையும் பின்தொடர்ந்து 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, மேலும் ஒன்றைக் காட்டியது. பின்னாளைய மனநலச் சிக்கல்கள், பதிவில் மட்டும் இருந்த நிகழ்வுகளைவிட, ஒருவர் தம் நினைவில் சுமக்கும் அனுபவத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன. நடந்ததை மாற்ற இயலாது. அதை நினைவில் எப்படி வைத்திருக்கிறோம், அதற்கு என்ன பொருள் கொடுக்கிறோம் என்பதில் மாற்றத்துக்கு இடம் உண்டு. மனநலச் சிகிச்சை பணியாற்றுவது அந்த இடத்தில்தான்.

மீண்டெழுந்தவர்கள்

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் ஆகிய உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தனர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, பிறப்புச் சிக்கல், பெற்றோரின் குடி அல்லது மனநோய், ஓயாத சண்டை என நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட இடர்களோடு வளர்ந்தனர். அந்தக் குழுவிலும் மூவரில் ஒருவர் தன்னம்பிக்கையும் பிறர்மீது பரிவும் கொண்ட வளர்ந்தவராக ஆனார்.

அவர்களுக்கு வாய்த்தது என்ன? பெற்றோர் இயலாத நிலையில் இருந்தாலும், பாட்டியோ அத்தையோ மூத்த உடன்பிறப்போ ஆசிரியரோ அண்டை வீட்டாரோ யாராவது ஒருவரிடம் உறுதியான பிணைப்பு இருந்தது. வீட்டிலோ வெளியிலோ தம்மை நம்பி ஒப்படைத்த பொறுப்பு ஒன்று இருந்தது. வெர்னரின் மற்றொரு கண்டுபிடிப்பு இன்னும் ஊக்கம் தருவது. பதின்பருவத்தில் தடுமாறியவர்களில் பெரும்பாலோர் முப்பது, நாற்பது வயதுக்குள் நிலைபெற்றனர். விட்ட படிப்பைத் தொடர்தல், நிலையான வேலை, அன்பான துணை, ஒரு சமூகக் குழுவில் இணைதல் ஆகியவை அவர்களுக்குத் திருப்புமுனைகளாயின.

நல்ல அனுபவங்களையும் எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 6,188 பேரிடம் திரட்டிய தரவுகள் 2019இல் வெளியாயின. குடும்பத்தாரிடம் மனம்விட்டுப் பேச முடிந்தது, கடினமான நேரத்தில் குடும்பம் துணைநின்றது, பள்ளியில் தானும் ஒருவர் என்ற உணர்வு இருந்தது, நண்பர்களின் ஆதரவு இருந்தது, பெற்றோரல்லாத இரு பெரியவர்களாவது அக்கறை காட்டினர், வீட்டில் பாதுகாப்பாக உணர்ந்தது என்பன போன்ற ஏழு கேள்விகள் கேட்கப்பட்டன. ஆறு அல்லது ஏழுக்கு ஆம் என்றவர்களிடம், மிகக் குறைவாகக் கூறியவர்களைவிட, மனச்சோர்வின் வாய்ப்பு 72 விழுக்காடு குறைவாக இருந்தது. பாதக அனுபவங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னும் இந்தத் தொடர்பு நீடித்தது. பத்துக் கேள்விகளின் வினாத்தாள் இந்தப் பக்கத்தைக் கேட்பதே இல்லை.

வளர்ந்தபின் பெறக்கூடிய உதவி

குழந்தைப் பருவம் கடந்துவிட்டதால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது தவறான எண்ணம். மூளை வாழ்நாள் முழுவதும் கற்றுக்கொள்கிறது. கொடிய நினைவுகளோடு பாதுகாப்பான முறையில் பழகவைக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், கண்ணசைவைப் பயன்படுத்தும் ‘இஎம்டிஆர்’ சிகிச்சையும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தச் சிக்கலுக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பவை. மனச்சோர்வும் குடிப்பழக்கமும் சிகிச்சைக்கு உட்படுபவை. போதிய உறக்கம், உடற்பயிற்சி, நம்பிக்கையானவர்களின் நட்பு ஆகியவை சிகிச்சைக்குத் துணைநிற்கும்.

உதவி தேவையா என்பதைப் பழைய மதிப்பெண்ணைவிட இன்றைய நிலையே நன்றாகச் சொல்லும். உறக்கம் கெடுகிறதா, கோபம் கைமீறுகிறதா, வேலையோ உறவுகளோ தடுமாறுகின்றனவா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். அத்தகைய எண்ணம் வந்தால் உடனே பேச வேண்டும். இந்தியாவில் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணும், இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணும் இதற்காக உள்ளன.

தடுத்தல்

இங்கு பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது பயன்தராது. அவர்களில் பலர் தாமே அடிபட்டு வளர்ந்தவர்கள். அதே வேளையில், கொடுமைக்கு ஆளானவர் தம் பிள்ளைகளையும் அப்படியே நடத்துவார் என்பது விதியும் அல்ல. ‘என் பிள்ளைக்கு இது வேண்டாம்’ என்று சுழற்சியை முறித்தவர்கள் ஏராளம்.

பெற்றோருக்குக் கிடைக்கும் உதவி குழந்தைக்குப் பாதுகாப்பாகிறது என்பதற்குச் சான்று உண்டு. நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா பகுதியில் 1970களின் இறுதியில் டேவிட் ஓல்ட்ஸ் நடத்திய ஆய்வில் 400 கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினரின் வீடுகளுக்குக் கர்ப்ப காலம் முதல் குழந்தையின் இரண்டாம் பிறந்தநாள் வரை செவிலியர் தொடர்ந்து சென்று உதவினர். பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்த வீடுகளில் குழந்தைக் கொடுமை, புறக்கணிப்பு பற்றிய பதிவுகள் மற்றவர்களைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தன.

சட்டங்களும் துணைநிற்கின்றன. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தைமீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது. ஆபத்தில் உள்ள குழந்தைக்காக இந்தியாவில் 1098, இலங்கையில் 1929 ஆகிய எண்களை யாரும் அழைக்கலாம், குழந்தையே அழைக்கலாம்.

சட்டமும் சிகிச்சையும் எட்டாத இடங்களிலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ருமேனியாவிலும் கவாயிலும் விஸ்கான்சினிலும் வெவ்வேறு முறைகளில் நடந்த ஆய்வுகள், துன்பத்துக்கும் நோய்க்கும் இடையே நின்று காப்பது ஒரு நம்பகமான உறவு என்ற இடத்தில் ஒன்றுகூடுகின்றன. அந்த உறவு பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வகுப்பில் வாடிய முகத்தைக் கவனித்து ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்கும் ஆசிரியர், சண்டை மூண்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குத் தம் வீட்டுத் திண்ணையில் இடம் தரும் அண்டை வீட்டார், விடுமுறையில் அழைத்துச்சென்று வைத்துக்கொள்ளும் சித்தி ஆகியோரின் பெயர்கள் எந்த வினாத்தாளிலும் வருவதில்லை. ஒரு குழந்தையின் எதிர்கால நலனில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது.